எட்டாவது காலம்

1.

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிழை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏதோ நீங்களே கண்டுபிடித்தது போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக ப்ரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பட்டுச் சங்கத்தின் படிவங்கள், உற்சவ நோட்டீஸ், கட்சிக் கூட்டத்துத் துண்டுப் பிரசுரம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். பார்த்து முடித்ததும் ஓரத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பை அழுத்துவேன்: ‘சரிபார்க்கப்பட்டது’. யார் பார்த்தது என்று அதில் இருக்காது. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதும் இல்லை.

போன மாதம் ஒரு நர்ஸ் பள்ளியின் ஆண்டு மலர் எங்களிடம் அச்சுக்கு வந்தது. நாலு பக்கம் காலியாக இருக்கிறது, நீங்கள்தான் எழுதுகிறவராயிற்றே, ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். [நான் இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன். இரண்டும் அச்சில் வந்தன. இரண்டையும் ப்ரூஃப் பார்த்தவன் மட்டும் படித்தான். அவனும் நான்தான்.] தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘செவிலியரிடம் தலைமைப் பண்பை வளர்ப்பது எப்படி?’

எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே தலைமை அச்சக முதலாளி வேலாயுதம். அவருடைய பண்பைப் பற்றிச் சொல்வதென்றால்... [இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. இதை அச்சடிக்க வேண்டியவர் அவர்.]

ஆனால் எனக்கு ஒரு நர்ஸைத் தெரியும். அவர் எழுதிக் கொடுத்த ஒரு சொல்லை நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அந்தச் சொல் ‘நான்’. இரண்டே எழுத்து. அதனால் என்ன சேதம் ஆயிற்று என்று சொல்லத்தான் இந்த நாலு பக்கமும்.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘கோபுர நிழலும் தறிச் சத்தமும் நிறைந்த அந்தப் பழம்பெரும் நகரத்தில்’. அடித்துவிட்டேன். காஞ்சிபுரத்தைப் பற்றி யார் எழுதினாலும் கோபுரத்தில் ஏறித் தறியில் வந்து விழுகிறார்கள். இந்தக் கதை நடப்பது ஒரு பிரசவ வார்டில். அங்கே வருவது பினாயில் வாசனை.

இரண்டாவது: ‘பெரியநாயகி பிறவியிலேயே தலைவி’. இதையும் அடித்துவிட்டேன். பொய்.

மூன்றாவது: ‘பகல் ஒரு மணிக்கு அவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்’. இதை அடிக்க மனம் வரவில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

போன வருடம், 1972இல், எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஆண்கள் வார்டில் ஒன்பது நாள் மல்லாந்து கிடந்தேன். முதலாளி ஒரு தடவை வந்தார், ஒரு கல்யாணப் பத்திரிகையில் சந்தேகம் கேட்க. வேறு யாரும் வரவில்லை. வருவதற்கு எனக்கு ஆளும் கிடையாது. ஆகவே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையாகப் போயிற்று.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டு. அதன் ஓரத்தில் போர்வையும் துணியும் அடுக்கிவைக்கும் அறை. அறை வாசலில் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு மர பெஞ்சு. தினமும் ஒரு மணிக்கு ஒரு நர்ஸம்மா வந்து அதில் உட்கார்ந்து சாப்பிடுவார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெஞ்சின் நட்ட நடுவில் உட்காருவார். யாராவது வருவார்கள் என்று நினைக்கிறவர்கள் ஓரமாகத்தான் உட்காருவார்கள். இது எனக்குத் தெரியும். நானும் பாயின் நடுவில்தான் படுக்கிறேன்.

"யாருங்க அது?" என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டேன்.

"சார்ஜ் சிஸ்டர்பா. மத்த நர்ஸுங்க யாரும் கூட சேத்துக்க மாட்டாங்க. அது பாட்டுக்கு துன்னுட்டுப் போவும்."

3.

அவர்தான் பெரியநாயகி. பக்கத்தில் கூரம் கிராமத்தில் விவசாயக் குடும்பம். சென்னையில் நர்ஸ் படிப்பு முடித்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரசவ வார்டில் அவரோடு வேலை பார்த்தவர் லில்லி. இரண்டு வருடம் மூத்தவர், இரண்டு பெண் குழந்தைகள், லில்லியின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. எட்டு வருடம் இருவரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டிருக்கிறார்கள். லில்லி கொண்டுவரும் நெத்திலிக் குழம்பில் முள் அதிகம், ஆனால் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டோம் என்று பெரியநாயகி என்னிடம் சொன்னார்.

பிறகு நிர்வாகம் ஒருவரை மேல்படிப்புக்கு அனுப்பியது. லில்லியால் குழந்தைகளை விட்டுவிட்டு ஒரு வருடம் சென்னையில் போய் இருக்க முடியாது. பெரியநாயகி போனார். சிக்கலான பிரசவங்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் படித்துவிட்டு வந்தார். 1970இல் வார்டுப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள்.

அதுவரை "ஏய் நாயகி" என்று கூப்பிட்ட லில்லி மறுநாள் காலை எழுந்து நின்று, "குட் மார்னிங் சிஸ்டர்" என்றார். [பொறுப்பில் இருக்கும் நர்ஸை சிஸ்டர் என்று அழைப்பது ஆஸ்பத்திரி வழக்கம். கூடப்பிறந்தவள் மாதிரி இருந்த காலமெல்லாம் வெறும் நாயகி. அந்த உறவு போன அன்றைக்கு சிஸ்டர். இதை ப்ரூஃபில் எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.] ஒரு மணிக்கு லில்லி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மற்ற நர்ஸுகளோடு மாடிப்படிக்குப் போய்விட்டார்.

பொறுப்பு வந்த புதிதில் பெரியநாயகி எல்லாவற்றையும் தப்பாகத்தான் செய்தார். சத்தம் போட்டார். மற்றவர்கள் எண்ணி எழுதிய நாடியைத் தானும் ஒரு தடவை பிடித்து எண்ணிப் பார்த்தார். ஒருநாள் நோயாளிகள் எதிரிலேயே லில்லி கேட்டுவிட்டார்: "என் கைக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா சிஸ்டர்?"

அன்றோடு லில்லி எழுதிய எண்ணை மட்டும் மறுபடி பார்ப்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்களுடையதைப் பார்ப்பார். லில்லியுடையதைப் பார்க்கமாட்டார்.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆண்டு மலருக்கு எழுதுவதென்றால் இதை ‘சக ஊழியர் மீது நம்பிக்கை வைத்தல்’ என்று ஒரு பத்தியாக்கிவிடலாம். கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அது நம்பிக்கையா, லஞ்சமா? அவரிடமே கேட்டேன். 

"அதை விட்டுக் குடுத்தா திரும்பி வந்து பெஞ்சுல உக்காருவாங்கன்னு நெனச்சேன் சார்," என்றார்.

4.

1971, வைகாசி, கருட சேவை. இதில் பாதி அவர் சொன்னது, மீதி நான் கோத்தது.

ஊரே தெருவில் நிற்கும் நாள். டாக்டர் வரதராஜனும் விடியற்காலையிலேயே சேவிக்கப் போய்விட்டார். [பெருமாளுக்கும் அவருக்கும் ஒரே பெயர். அன்றைக்கு இரண்டு வரதராஜர்களும் கூட்டத்தின் நடுவில் இருந்தார்கள். ஒருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வழியில்லை.]

பிரசவ அறையில் சைதுன். டிரங்குப் பெட்டி செய்யும் ஷபியுல்லாவின் மனைவி. நாலாவது பிரசவம். துணைக்கு அவளுடைய அம்மா ரம்ஜான் பீ. வலி மந்தமாக இருந்ததால் வலியைத் தூண்டும் மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொல்லி, ‘வலி குறைந்தால் சொட்டைக் கூட்டவும்’ என்று எழுதிவிட்டு டாக்டர் போயிருந்தார். டூட்டி லில்லிக்கு.

காலை பத்தே கால். பெரியநாயகி போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். வராந்தாவில் ரம்ஜான் பீ எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"வலி விட்டுப்போச்சும்மா! அப்டி துடிச்சிக்கினு இருந்தா. இப்போ டக்குனு விட்டுப்போச்சு. அல்லா கண்ணத் தொறந்துட்டான்."

‘விட்டுப்போச்சு’ என்பது ஒரு வேடிக்கையான சொல். மழை விட்டுப்போச்சு, காய்ச்சல் விட்டுப்போச்சு என்றால் நிம்மதி. தையல் விட்டுப்போச்சு என்றால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தாய் முதல் அர்த்தத்தில் சொன்னார். உள்ளே இருந்த லில்லியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பெரியநாயகிக்கு இரண்டாவது அர்த்தம் கேட்டது. பிள்ளை பிறக்காமல் வலி மட்டும் சட்டென்று நின்றுபோனால் கர்ப்பப்பை கிழிந்திருக்கலாம் என்று அவர் படித்திருந்தார். கையிலிருந்த போர்வையைப் போட்டுவிட்டு ஓடினார்.

சைதுன் அமைதியாகப் படுத்திருந்தாள். முகம் வெளுத்து, நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. புத்தகத்தில் லில்லி எழுதியிருந்த நாடி எண்பத்தெட்டு. அது ஒன்பது மணிக்கு எண்ணியது, பிறகு எண்ணவில்லை. பெரியநாயகி பிடித்துப் பார்த்தபோது நூற்று முப்பது. வலி குறைந்துவிட்டதால் டாக்டர் எழுதியபடி சொட்டு வேறு கூட்டியிருந்தது.

"டிரிப்பை மூடு."

"டாக்டர் ஆர்டர் இருக்குது சிஸ்டர்."

"தெரியும். மூடு லில்லிக்கா."

"அவரு வந்து கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

லில்லியின் கை நகரவில்லை. பெரியநாயகியே மூடினார். வயிற்றில் கை வைத்தபோது குழந்தையின் கால் தோலுக்கு நேர் அடியில் தட்டுப்பட்டது. காதுக்குழலை இங்கும் அங்கும் வைத்துக் கேட்டார். சத்தமில்லை.

டாக்டர் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கத்தி எடுக்க வேறு டாக்டர் கிடையாது. எதிர் ஜவுளிக்கடையின் அம்பாசிடரைக் கேட்டு வாங்கி, சைதுனையும் அவள் அம்மாவையும் ஏற்றி, வெறும் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருடைய உத்தரவும் இல்லாமல் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். கூட்டத்தில் வண்டி நின்றது. பாட்டிலை ரம்ஜான் பீ கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். "வழி விடுங்கப்பா, உசுரு போவுது" என்று கத்திக்கொண்டு இரண்டு தெரு வண்டிக்கு முன்னால் நடந்தார்.

சைதுன் பிழைத்துக்கொண்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

[இங்கே நான் அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்திருக்கலாம். ஒரு வரி போதும். இரண்டு தடவை எழுதியும் பார்த்தேன். ‘அப்போது அறையைக் கிழித்துக்கொண்டு ஒரு அழுகுரல்’ என்று வந்தது. படித்துப் பார்த்து வெட்கப்பட்டுக் கிழித்துப் போட்டேன்.]

5.

அந்த ஆஸ்பத்திரியின் வார்டுப் புத்தகத்தை அடித்துக் கொடுப்பது எங்கள் அச்சகம்தான். கட்டம் போட்ட பத்திகளை அச்சகத்தில் காலம் என்போம். அதில் ஏழு காலங்கள்: தேதி, மணி, படுக்கை எண், நிலை, கொடுத்த மருந்து, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டதா, கையெழுத்து. நர்ஸ் தானாக ஒன்றைச் செய்தால் அதை எழுத இடமே கிடையாது. எட்டு வருடமாக அந்தப் புத்தகத்தை ப்ரூஃப் பார்த்த எனக்கு அது தோன்றியதும் இல்லை.

அன்று மாலை நாலு மணிக்கு பெரியநாயகி திரும்பி வந்தபோது வார்டு மேஜையில் டாக்டர் காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இதோ பாரும்மா. நீ செஞ்சது சரி. ஆனா என் ஆர்டரை நிறுத்த உனக்கு அதிகாரம் இல்ல. கமிட்டி கேட்டா வேலைக்கே ஆபத்து. லில்லியும் ஒன்பது மணிக்கு அப்புறம் நாடி பாக்கல, அதுவும் வெளில வரும். பத்தே காலுக்கு எனக்கு போன்ல தெரிவிச்சேன்னு ஆறாவது காலத்துல எழுதிடு. நான் நிறுத்தச் சொன்னதா இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் வம்பு இல்ல."

உண்மையை எழுதினால் தன் வேலை போகலாம், லில்லியின் வேலையும் போகலாம். பொய்யை எழுதினால் அடுத்த தடவையும் ஒருத்தியின் வலி ‘விட்டுப்போகும்’போது வார்டே போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெரியநாயகி இரண்டையும் எழுதவில்லை. ஆறாவது காலத்தையும் கையெழுத்தையும் காலியாக விட்டுவிட்டார். காலியிடம் எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. லில்லி மட்டும் அதற்குப் பிறகு டூட்டி விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காலியிடத்தில் என்றைக்காவது தன் பெயர் வந்து விழும் என்று பயந்திருக்கலாம். பெரியநாயகி பெஞ்சின் நடுவுக்கு நகர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு மாதம் கழித்து ஷபியுல்லா வந்தார். தன் கையால் செய்த ஒரு சின்ன டிரங்குப் பெட்டி, மேலே நீலப் பெயிண்டில் ‘பெரியநாயகி சிஸ்டர்’. அதை மேஜை மேல் வைத்தார். போகாமல் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா புள்ளையும் பொழச்சிருக்குமா?"

பெரியநாயகி ஆஸ்பத்திரிகளில் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னார்.

"செய்ய வேண்டியது எல்லாம் செய்யப்பட்டது."

ஷபியுல்லா தலையை ஆட்டிக்கொண்டார். சலாம் வைத்துவிட்டுப் போனார். அந்த வருடத்து வார்டுப் புத்தகம் தீர்ந்ததும் பெரியநாயகி அதை அந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

6.

இனி என் முறை.

இந்த வருடம் ஆடி மாதம் புது வார்டுப் புத்தகங்களுக்கு ஆர்டர் வந்தது. பழைய மாதிரிப் பக்கத்தில் ஏழாவது காலத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, தலைப்பாக ‘நான் செய்தது’ என்று எழுதியிருந்தது. எழுதியது பெரியநாயகி. ஆஸ்பத்திரிச் செயலாளர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் பார்த்தேன். பார்ப்பதுதானே என் வேலை. படிவத்தில் ‘நான்’ என்று வருமா? ஆறாவது காலத்தில் ‘தெரிவிக்கப்பட்டதா’ என்று கௌரவமாக இருக்கிறது, இது மட்டும் ஏதோ குழந்தை கையைத் தூக்கியது போல. சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘செய்யப்பட்டது’ என்று எழுதினேன். ஓசையும் பொருந்தி வந்தது. ஸ்டாம்பை அழுத்தினேன். [இந்த ஊரில் பட்டு என்றால் எல்லோருக்கும் பெருமை. என் தொழிலில் ‘பட்டது’ என்று முடித்தால் செய்த ஆள் நழுவிவிட்டான் என்று அர்த்தம்.]

பன்னிரண்டு புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் அவரே வந்தார். எழுத்துக் கோக்கும் கம்போஸிட்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியாக ஒன்பது நாள் பார்த்த முகம் என் மேஜைக்கு எதிரில் நின்றது.

"ப்ரூஃப் பாக்கறது யாரு சார்?"

"நான்தாம்மா." [அன்றைக்கு அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.]

"நான் எழுதிக் குடுத்ததுல ‘நான்’ எங்க போச்சு?"

இலக்கணம் சொன்னேன். படிவத்தின் மரியாதை, பொது நடை, என்னென்னவோ சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலே நான் எழுதியதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்தார். அழவில்லை. கடைசியில் புத்தகத்தைத் திறந்து அந்தத் தலைப்பின் மேல் விரலை வைத்தார்.

"இந்த வார்த்தையத்தான் சார் அந்த மனுஷன்கிட்ட சொன்னேன். ரெண்டு வருசமா எனக்கு அது தொண்டையில நிக்கிது. நீங்க அதையே பக்கத்துக்குப் பக்கம் அச்சுல போட்டுக் குடுத்துட்டீங்களே."

இருபத்திரண்டு வருடம் எழுத்துப் பிழை பார்த்தவன், முதல் தடவையாக ஒரு பிழை செய்தது போல உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய திட்டம் இது. வார்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு டூட்டி மாறும். எல்லா நர்ஸுகளும் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். அப்போது புதுப் புத்தகத்தின் முதல் வரியில் பழைய நாளை, கருட சேவை நாளை எழுதுவது. எட்டாவது காலத்தில் தன் கையால்: நான் லில்லி எழுதிய நாடியைச் சரிபார்க்கவில்லை, நான் டிரிப்பை நிறுத்தினேன், நான் செங்கல்பட்டுக்கு அனுப்பினேன்.

"வேலை போயிடுச்சுன்னா?"

"கூரத்துல நாத்து நடறேன். நான் மொதல்ல எழுதினாத்தான மத்தவங்களுக்கு பயம் போவும்?"

"லில்லியம்மா ஒன்பது மணிக்கு அப்புறம் பார்க்காதது?"

"அது அவங்களுது. அதை நான் எழுத மாட்டேன். அவங்க எழுதினா எழுதட்டும்."

[ஆண்டு மலர்க் குழுவுக்கு: நீங்கள் கேட்ட தலைமைப் பண்பு எங்காவது இருக்கிறதென்றால் இந்த இடத்தில் இருக்கலாம். இதற்கு மேல் என்னால் விளக்க முடியாது.]

மறுபடி அடிக்க முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. "பன்னண்டு புக்கையும் பிரிச்சிட்டுத் திரும்ப அடிக்கறதா? உனக்கு வெயில் ஏறிப்போச்சா அப்பாதுரை?" என்றார். அதனால் நானே சாப்பாட்டு நேரங்களில் எழுத்துக் கோத்து, ‘நான் செய்தது’ என்று சின்னச் சின்னத் துண்டுகளாக அடித்தேன். தலைப்பின் மேல் ஒட்டிவிடலாம். நான் எழுத்துக் கோத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ‘ன்’னின் புள்ளி இரண்டு தடவை கீழே விழுந்து ஓடியது.

7.

இதற்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

முதல் முடிவு: பெரியநாயகி எழுதுகிறார், லில்லி கண்ணீரோடு கட்டிக்கொள்கிறார், மறுநாள் பெஞ்சில் நெத்திலிக் குழம்பு. ஆண்டு மலருக்கு ஏற்றது. அடித்துவிட்டேன், இதில் யாருக்கும் எதுவும் நஷ்டமாகவில்லை.

இரண்டாவது முடிவு: கமிட்டி பெரியநாயகியை வீட்டுக்கு அனுப்புகிறது. டிரங்குப் பெட்டியோடு கூரத்து பஸ்ஸுக்காக அவர் நிற்கிறார், தனியாக. இதை எழுதும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இன்னொருவரும் என் மாதிரி ஆகிவிட்டார் என்ற சந்தோஷம். அது தெரிந்ததும் பயந்துபோய் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்குத் துண்டுகளையும் கோந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சீக்கிரமே சாப்பிட்டு முடித்திருந்தார். நான் படியில் உட்கார்ந்து கோந்து தடவிக் கொடுக்க, அவர் மடியில் புத்தகத்தை வைத்து ஒட்டினார். யாரோடாவது சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலை செய்து எனக்கும் ரொம்ப நாளாகிவிட்டது.

பாதிப் புத்தகம் ஒட்டியிருப்போம். தெர்மாமீட்டர் தட்டோடு லில்லி வந்தார். கொஞ்சம் பருத்த உடம்பு, காதோரம் நரை. நின்று, திறந்திருந்த பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

"நான் செய்தது."

பிறகு கேட்டார்: "இந்தக் காலத்துல என்னா எழுதணும் சிஸ்டர்?"

"நீங்க என்ன செஞ்சீங்களோ, அது."

"செய்யாதது?"

பெரியநாயகி பேனாவை எடுத்தார். "அதுவும்தாங்க்கா. மொதல்ல நான் எழுதறேன்," என்றார்.

அப்போது இரண்டு மணி அடித்தது. வாட்ச்மேன் வந்து, "பிரசவ வார்டு சார், ஆம்பளைங்க நிக்கக் கூடாது" என்று என்னைக் கிளப்பிவிட்டார். முற்றம் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு தூண். பெரியநாயகியின் தலை புத்தகத்தின் மேல் குனிந்திருந்தது. லில்லி தட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னும் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் லில்லியின் குரல் கேட்டது. ஒரே சொல்.

"தள்ளு."

அவ்வளவுதான். பின்னால் ‘சிஸ்டர்’ இல்லை, ‘ங்க’ இல்லை. நகர்ந்து எனக்கு இடம் விடு என்றாரா? அந்தப் புத்தகத்தை அப்பால் தள்ளு என்றாரா? பேனாவை இங்கே தள்ளு என்றாரா? தூண் மறைத்தது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஒரு மணிக்கு ஆண்கள் வார்டு ஜன்னலுக்குப் போனால் போதும், தெரிந்துவிடும். பெரியநாயகி பெஞ்சில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் முடிவு கிடைத்துவிடும். போகவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தால் அதைப் பார்க்க என்னால் முடியாது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு நிச்சயம் சந்தோஷம்தான். ஆனால் அதன் பிறகு நடுவில் இருக்கிறவன் நான் ஒருவன் ஆகிவிடுவேன். அந்தக் கஷ்டத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆகவே முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். ஆறு காலங்களைப் பழைய புத்தகத்தில் இருந்தபடியும், காலியாக இருந்த இடத்தில் உண்மையாக நடந்தபடியும் நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்தும் எட்டாவதும் உங்களுக்கு. ஒரு நிமிடம் லில்லியாக இருந்து பாருங்கள். இரண்டு பெண் குழந்தைகள், எண்பத்தெட்டு என்று எழுதிய கை, பக்கத்தில் இன்னும் ஈரம் காயாமல் ஒருத்தி எழுதி முடித்த ‘நான்’. பிறகு எழுதுங்கள். ‘பட்டது’ என்று மட்டும் முடிக்காதீர்கள்.

தேதி: கருட சேவை, 1971
மணி: 10.15
படுக்கை எண்: 4
நிலை: வலி விட்டுப்போனது
கொடுத்த மருந்து: டிரிப், சொட்டு கூட்டப்பட்டது
டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டதா: இல்லை
கையெழுத்து: ....................
நான் செய்தது: நான் ....................

(இந்தப் பக்கங்களைச் சரிபார்த்தது நான். அந்தச் சொல்லை அடித்ததும் நான். — அப்பாதுரை)